மல்லாந்து பார்த்த ஏரி

அக்காவின் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவார்கள், இது எந்த ஏரி என்று. கூடத்தில் அந்த ஏரி, சமையலறையில் அந்த ஏரி, குளியலறைக் கதவின் உள்பக்கத்திலும் அதே ஏரி. காலை ஏரி, மழை ஏரி, வெயில் சாயும் நேரத்து ஏரி. தொழில் என்னவோ வீடுகளுக்கும் கடைகளுக்கும் பெயிண்ட் அடிப்பதுதான். ஆறு பேரை வைத்து வேலை வாங்குகிறாள். டப்பாவின் அடியில் மிஞ்சுகிற பெயிண்டைக் கொட்ட மனசு வராமல் பலகைத் துண்டுகளில் வரைய ஆரம்பித்தது இருபது வருஷப் பழக்கமாகிவிட்டது. அதனால் அவள் ஏரித் தண்ணீரில் ஒரு பல் டாக்டர் வீட்டு நீலம் இருக்கும். புதுசாகக் கல்யாணமான யாரோ இரண்டு பேரின் படுக்கையறைப் பச்சை கரையோரத்தில் கோரைப்புல்லாக நிற்கும். ‘நான் சொன்ன கலரே இது இல்லை’ என்று ஒரு வங்கி மேனேஜர் திருப்பி அனுப்பிய மஞ்சள், அவள் கையில் சாயங்கால வெயிலாகிவிட்டது. மேனேஜருக்கு இது தெரியாது. தெரிந்தால் விலை கேட்பார்.

ஏரி இருப்பது பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில். அவளுடைய அப்பா அங்கே பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறை முழுக்க அவளும் மூன்று வயது இளைய தம்பியும் அந்தத் தண்ணீரில்தான் கிடந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். அடிக்கக் குச்சி எடுத்தால் இன்னும் ஆழத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்தத் தம்பி இப்போது லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்துமூன்று வயது. கால் ஓரிடத்தில் தரிக்காத ஆள். பன்னிரண்டாவது மாடியில் யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் படியேறி ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டே கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவர்களுக்கு ஜோக் சொல்வான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவனுடைய சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை டயாலிசிஸ் வார்டில் மூன்றாம் நம்பர் கட்டில். இடது கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின், நாலு மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும். அக்கா தன் சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். உங்களுக்கே சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர்கள் தள்ளிவிட்டார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் அவன் பெயர் எங்கோ நடுவில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை தம்பியின் மனைவி அவளைத் தேடி வேலை நடக்கிற இடத்துக்கே வந்தாள். அக்கா ஏணியில் இருந்தாள். தம்பி மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, இந்த மாசக் கடைசியோட நிறுத்திக்கப் போறாராம். என்கிட்ட முடிவாச் சொல்லிட்டாரு."

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் மூடி மறைக்காமல் முன்பே சொல்லியிருந்தார். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு. அக்கா ஏணியிலிருந்து இறங்கிவந்தாள். அன்றைக்குத் தேதி ஒன்று. கைத்துணியில் விரல்களைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவள் போய்ப் பேசிப் பார்க்காமல் இல்லை. வலியா என்று கேட்டாள், இல்லை என்றான். செலவை நினைத்துக் குமைகிறாயா என்றாள்; அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்கிறது என்றான். பிறகு என்னதான்டா என்றாள். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு வெள்ளைச் சுவரையும் வெள்ளை மேல்தளத்தையும் பார்த்தபடி கிடக்கும்போது தான் ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டதுபோல் இருக்கிறது என்றும், அதற்கு நிஜமாகவே போய்விடலாம் என்றும் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் இவளும் கத்தித் தீர்த்திருப்பாள். அவன் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். அக்காவுக்கு ஆறுதல் பேச்சு என்றால் சுத்தமாக வராது. எழவு வீட்டுக்குப் போனால்கூட, சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறதே, கவனிக்கலையா என்று கேட்டுவிட்டு வருகிற ஜாதி. வாய் வராவிட்டால் என்ன, கை வரும் என்று நினைத்தாள்.

வெள்ளைச் சுவர்தானே பிரச்சினை. வீட்டிலிருந்த ஏரிகளிலேயே பெரியதை, கட்டில் அகலத்துக்கு இருந்ததை, கூடத்துச் சுவரிலிருந்து கழற்றினாள்.

வார்டு முழுவதும் தலைமை நர்ஸின் ராஜ்யம். எல்லோரையும் கையை உயர்த்தி நிறுத்துவதால் நோயாளிகள் வைத்த பெயர் டிராஃபிக் சிஸ்டர். அவர் படத்தைக் கழுவித் துடைக்க முடியுமா என்று கேட்டார், பெயிண்ட் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தார், கடைசியில் கையை இறக்கினார். வெள்ளிக்கிழமை காலையில் மூன்றாம் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஏரி ஏறியது. நல்ல படம்தான் அது. காலை வெயிலில் தளதளவென்று தண்ணீர், கரையில் அத்தி மரங்கள், தண்ணீர் மேல் சாய்ந்து நிற்கும் அந்த ஒரு மரம். அதன் பெயர் இவர்களுக்குத் தெரியாததால் கோணமரம்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தம்பியை அழைத்துப்போக அக்காவே வந்தாள். வார்டில் ஆளாளுக்கு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்கள். நாலாம் கட்டில்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர், மென்மையான மனுஷர். அவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"படம் ரொம்ப நல்லா இருக்கும்மா. தப்பா நினைச்சுக்காதீங்க. பார்க்கப் பார்க்க நாக்கு வறண்டுபோகுது."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே இருக்கிற ஒருவருக்கும் ஆசைதீரத் தண்ணீர் குடிக்க அனுமதி கிடையாது. உடம்பில் சேர்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், அவ்வளவுதான். தம்பியின் மனைவி பாட்டிலில் கோடு கிழித்து வைத்து அளந்து கொடுப்பதை இவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். தாகம் தாங்காதபோது அவன் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அது கரையாமல் பார்த்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறாள். பார்த்தும், எட்டுத் தாகக்காரர்களுக்கு எதிரே ஒரு ஏரியைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாள். நாலு மணி நேரத்துக்கு.

"பட்டினி கிடக்கிறவனுக்கு எதிர்ல உக்காந்து ரசிச்சு ரசிச்சு சாப்பிடற மாதிரி இருக்குக்கா," என்றான் தம்பி. ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக அவன் குரலில் பழைய கிண்டல் எட்டிப் பார்த்தது. ஆனால் அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. அவமானத்தில் காது சுட்டது. ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள்.

தம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"நீ எப்பவுமே கரையில நின்னுக்கிட்டுத்தான் வரையற. நாம என்னிக்குக்கா கரையில நின்னோம்?"

படத்தை நெஞ்சோடு பிடித்தபடி அவள் ஸ்டூலிலேயே நின்றாள். உண்மைதான். நாள் முழுக்க மிதப்பார்கள். காது இரண்டும் தண்ணீருக்குள், முகம் மட்டும் வெளியே. யார் அதிக நேரம் அசையாமல் மிதப்பது என்று பந்தயம், அவன்தான் ஜெயிப்பான். அப்படிக் கிடந்தால் ஏரியே தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கண்ணில் படாது. சுற்றிலும் மரங்களின் உச்சி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், நடுவில் முழுக்க வானம்.

அவள் தலையைத் தூக்கி வார்டின் மேல்தளத்தைப் பார்த்தாள். பெரிய பெரிய சதுரப் பலகைகள், அலுமினியச் சட்டங்களுக்குள் உட்கார்ந்திருந்தன. ஒரு வரிசைக்கு எட்டு, மொத்தம் ஆறு வரிசை. பெயிண்டர் கண்ணுக்கு அவை தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவை என்பது உடனே தெரிந்தது. டிராஃபிக் சிஸ்டர் கையை உயர்த்துவதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரி ஸ்டோரில் உபரிப் பலகைகள் இருப்பதையும் அவற்றை அவள் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சிஸ்டர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஆனால் ஒரு சங்கடம். கரையிலிருந்து பார்த்த ஏரியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். மல்லாந்து பார்த்தது முப்பது வருஷத்துக்கு முந்திய கதை. நினைவிலிருந்து இழுத்தால் எந்த ஊர் வானமோ வரும். புதன்கிழமை ஆட்களுக்கு வேலையைச் சொல்லிவிட்டு, பழைய சுடிதார் ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு, பஸ் ஏறினாள்.

நாற்பத்தாறு வயதில், எழுபத்தெட்டு கிலோவோடு, அந்த ஏரியில் இறங்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. தண்ணீர் கழுத்துவரை வந்ததும் உடம்பு தானாகவே பழக்கத்துக்கு வந்துவிட்டது. காது மூழ்கியதும் உலகத்தின் சத்தம் எல்லாம் நின்றுபோனது. மேலே பார்த்தாள். அத்தி இலைகளின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட வெளிறியிருந்தது. கோணமரத்தின் நுனி வலப்பக்கத்திலிருந்து நீண்டு, வானத்துக்குள் பாதிவரை வந்திருந்தது. ஒரு நாரை வயிற்றைக் காட்டிக்கொண்டு, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு கடந்துபோனது. ஐயோ, இதையெல்லாம் எப்படி மறந்தேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் மூழ்கினாள், இருமிக்கொண்டு எழுந்தாள், கரைக்கு ஓடினாள், ஈரக்கையோடு நோட்டில் கிறுக்கினாள், மறுபடி ஓடிப்போய் விழுந்தாள். இப்படிப் பதினேழு தடவை. தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா என்று கேட்டார். ஆமாண்ணே, கிடைச்சிடுச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த முறை விழுந்தாள்.

அப்போது வேலை நடந்துகொண்டிருந்த புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் நாற்பத்தெட்டுப் பலகைகளையும் வார்டில் இருப்பது போலவே பரப்பினாள். வாடையில்லாத பெயிண்டாக, முதன்முதலாகக் காசு கொடுத்துப் புது டப்பா வாங்கினாள். எட்டு நாள், வேலை முடிந்தபிறகு மூன்று மணி நேரம், முழங்காலில் தவழ்ந்து தவழ்ந்து வானம் தீட்டினாள். மிதந்தபோது அவள் தலை இருந்த பக்கம் ஜன்னல் பக்கம் என்று வைத்துக்கொண்டாள். நோயாளிகளின் தலைமாடும் அந்தப் பக்கம்தான். பலகைகளின் முதுகில் ஜன்னல் ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டாள், ஒவ்வொரு வரிசையும் இடமிருந்து வலமாக. அவள் வரைக்கும் அதில் குழப்பமே இல்லை.

மேல்தளத்தில் மின்கம்பிகள் ஓடுவதால் வெளியாட்கள் கை வைக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. வார்டுக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பலகைகளை வாசலில் ஒப்படைத்துவிட்டு அவள் திரும்ப வேண்டியதாயிற்று. மாட்டியவர் ஆஸ்பத்திரியின் பராமரிப்பு வேலைக்காரர். நம்பரைப் பார்த்தார், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மனுஷன் தன் வழக்கப்படி கதவிலிருந்து ஆரம்பித்தார். ஒரு வரிசை முடிந்ததும் ஏணியைத் திரும்ப இழுத்துவரச் சோம்பல்பட்டு, அடுத்த வரிசையை அந்த முனையிலிருந்தே எதிர்த்திசையில் மாட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தெட்டும் ஒரே நாளில் ஏறிவிட்டன. கீழே நின்று பார்த்தவருக்குப் பச்சையும் நீலமுமாக, ஏதோ மாடர்ன் ஆர்ட்போலத் திருப்தியாகத்தான் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, தேதி இருபத்தொன்று. எட்டு மணிக்கு அக்காவின் போன் அடித்தது.

"யாருக்கா இதை மாட்டினது?"

அவள் வேலையைப் போட்டது போட்டபடி ஓடினாள். வார்டுக்குள் நுழைந்து மேலே பார்த்தாள். மரங்கள் நடுவானத்தை எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, கோபித்துக்கொண்டதுபோலச் சுவரைப் பார்த்து நின்றன. நாரையின் தலை இரண்டாம் கட்டிலுக்கு மேலே, கால்கள் ஆறாம் கட்டிலுக்கு மேலே. தபால்காரர் தன் தலைக்கு மேலே இருப்பது பறவையா மீனா என்று நர்ஸிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். எட்டு நாள் முழங்கால் தேய்ந்தது இதற்குத்தானா என்று அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எல்லாவற்றையும் இறக்கிவிடச் சொல்கிறேன், விடு, என்னால் உனக்குத் தொந்தரவுதான் என்று தம்பியிடம் சொன்னாள்.

அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கண்கள் மேல்தளத்தில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன. சிக்கின லிஃப்டின் கதவைத் திறந்து உள்ளே கம்பிகளைப் பார்க்கும்போது அவனுக்கு வருகிற முகம் அது. அவள் அந்த முகத்தைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"அந்த மூலையில இருக்கே, அது கோணமரத்து நுனி. அது என் கட்டிலுக்கு வலப்பக்கம் வரணும். ஒரு பேப்பர் குடு."

டிராஃபிக் சிஸ்டர் ஒரு பழைய படிவத்தைப் பின்பக்கம் திருப்பி அட்டையில் செருகிக் கொடுத்தார். ஊசி இல்லாத வலது கையால், அட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு, அவன் நாற்பத்தெட்டுக் கட்டம் போட்டான். எது எங்கே இருக்கிறது, எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்தான். அக்கா நம்பர் பட்டியலைச் சொல்ல வாய் திறந்தபோது, சொல்லாதே, நானே கண்டுபிடிக்கிறேன் என்று தடுத்துவிட்டான். தபால்காரருக்கும் உற்சாகம் வந்து, தன் தலைக்கு மேலே உள்ளதற்கு விலாசம் கண்டுபிடித்துத் தருவது தன் பொறுப்பு என்றார். பதினொரு மணிக்கு மெஷின் நின்றபோது கட்டங்களில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. மிச்சத்தைப் புதன்கிழமை செய்தான்.

பராமரிப்பு வேலைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிறு முழுக்க உழைத்ததற்கு இதுதான் மரியாதையா என்றார். இனிமேல் ஞாயிறுக்கு ஒரு மணி நேரம்தான், எட்டுப் பலகைக்கு மேல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி விரல்விட்டு எண்ணினான். "ஆறு வாரம் ஆகும்," என்றான். மாசக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொன்னதை அவன் திருப்பி எடுத்துக்கொண்டுவிடுவானோ என்று பயந்து, ஜன்னல் சட்டத்தில் உரிந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். பிறகு வராந்தாவுக்குப் போய், கைக்குட்டை கிடைக்காமல், பெயிண்ட் துணியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சிஸ்டர் பின்னாலேயே வந்தார். அழுகையைத் தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார், பாவம்.

"அந்த ஏணிக்காரர் கிடக்கட்டும்மா. நான் மேலதிகாரிகிட்ட பேசறேன். ஒரே ஞாயித்துக்கிழமையில எல்லாத்தையும் மாத்தி முடிச்சிடலாம்."

"வேண்டாம் சிஸ்டர்," என்றாள் அக்கா. "எட்டே இருக்கட்டும்."

சிஸ்டர் அவளை ஒரு தரம் பார்த்தார். திரும்பிக் கண்ணாடிக் கதவு வழியாக மூன்றாம் கட்டிலைப் பார்த்தார். அங்கே அந்த அட்டையை இரண்டு கட்டில்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் மெக்கானிக்கும் தபால்காரரும் நாரையின் கால் விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருஷம் அந்த வார்டில் இருந்தவருக்கு எல்லாம் புரிந்தது.

"எட்டு எதுக்கு?" என்றார். "நாலு போதும்."

செய்தியைத் தம்பியிடம் அக்காதான் போய்ச் சொன்னாள். ஞாயிறுக்கு நாலு பலகைதான், ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு புது விதி வந்திருக்கிறதாம் என்று, பொய் சொல்லத் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். நாற்பத்தெட்டையும் ஒரே ஞாயிறில் மாட்டியவர்களுக்கு நாலு மாற்ற ஒரு வாரமா என்று லிஃப்ட் மெக்கானிக்குக் கணக்குப் போடத் தெரியாதா. அவன் அவளைப் பார்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ரொம்பவும் மும்முரமாக எதையோ எழுதுவதுபோல் நின்ற சிஸ்டரையும் பார்த்தான். பன்னிரண்டு வாரம் என்று அவன் உதடு முணுமுணுத்தது. அப்புறம் தலையணையில் சாய்ந்து, சுவரைப் பார்த்து நிற்கிற மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றான். "இந்த ஞாயிறு கோணமரத்தை மட்டும் முடிக்கச் சொல்லு. மீதிக்குத்தான் நான் இருக்கேன்ல."

அக்கா அட்டையை வாங்கி, கோணமரத்தின் நாலு கட்டங்களையும் பென்சிலால் வட்டமிட்டாள்.